"புடிக்கலேன்னா வீட்டை மாத்திக்கோங்க" என்று எண்ணூர்க்காரரிடம் சொல்வது நியாயமா?

#1 எர்ணாவூர்வாசி | ஞாயிறு இரவு 10:42

வணக்கம். ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேட்கத்தான் இந்த இழை.

போன வாரம் உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குத் தாம்பரம் போயிருந்தோம். என் பையனுக்கு ஏழு வயது. நான்கு வயதிலிருந்து இளைப்பு. எங்கே கிளம்பினாலும் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஏம்மா அந்த ஊர்ல இருக்கீங்க? புடிக்கலேன்னா வீட்டை மாத்திக்கோங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாங்கள் இந்த ஊரை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. சுனாமியில் காசிமேட்டுப் பக்கம் கடலோரத்தில் இருந்த எங்கள் வீடு போனது. சில வருடம் தற்காலிகக் கொட்டகையில் இருந்தோம். அப்புறம் எண்ணூரை ஒட்டிய எர்ணாவூரில் அப்பாவுக்கு வீடு ஒதுக்கினார்கள். வந்த முதல் நாள் இரவு மாடியில் நின்று பார்த்தபோது மணலிப் பக்கம் உயரத்தில் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஏதோ கோயில் திருவிழா போலிருக்கிறது என்று தங்கையிடம் சொன்னேன். அது ஆலைச் சுடர் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் உர ஆலையின் குழாயில் அமோனியா வாயு கசிந்தபோது இந்தப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியவில்லை. எல்லாரும் ஓடுகிற பக்கம் ஓடினேன்.

வீட்டை மாற்று என்று சொல்வது நியாயமா? நியாயமோ இல்லையோ, மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 அடையாறு72 | ஞாயிறு இரவு 11:15

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மணலியிலும் எண்ணூரிலும் பெரிய ஆலைகள் அறுபதுகளிலேயே வந்துவிட்டன. அப்போது சுற்றிலும் பொட்டல்தான். வீடுகள் பிறகுதான் நெருங்கின. வாடகை குறைவு என்று தெரிந்தே வந்தவர்களும் நிறையப் பேர். குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை என்றால் நியாயத்தைப் பிறகு பேசலாம், முதலில் இடம் மாறுவதுதான் முக்கியம். ஆலையை நகர்த்துவதைவிட வீட்டை நகர்த்துவது எளிது இல்லையா?

#3 கட்டுமரம் | திங்கள் காலை 5:50

>> "அப்போது சுற்றிலும் பொட்டல்தான்"

அண்ணே, எங்கள் ஊர் காட்டுக்குப்பம். கொசஸ்தலை ஆற்றங்கரை. தாத்தாவுக்குத் தாத்தா இதே ஆற்றில்தான் வலை கட்டினார். எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் தொழில் செய்யலாம் என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்ட ஆறு இது. அதைப் பாடு என்போம். பங்கு போட்டுப் பிழைக்கும் அளவுக்கு ஆள் இருந்த இடம் எப்படிப் பொட்டலாகும்? வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் துரைமார்கள் காற்று வாங்க வந்து தோட்ட வீடு கட்டிக்கொண்டு தங்கிய ஊர் எண்ணூர். காற்றுக்காகவே தேடி வந்தார்கள்.

எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1970இல். வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில். காமராஜர் துறைமுகம் 2001இல். வல்லூர் அனல்மின் நிலையம் அதற்கும் பிறகு. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969இல். இதில் எது எங்களுக்கு முன்னால் வந்தது என்று சொல்லுங்கள்.

ஆற்றுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆற்றைக் கடந்து போகின்றன. ஒழுகும். ஒரு நாள் இரண்டு நாள் கணக்கில்லை, வருடக்கணக்கில் ஒழுகியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கோல் எட்டாத இடங்களில் இப்போது இடுப்பளவுதான் தண்ணீர். கால் வைத்தால் சாம்பல் சேறு முழங்கால் வரை இழுக்கிறது. இறால் சேற்றுக்குள் புதைந்து வாழும் உயிர். அந்தச் சேறே சாம்பலாகிவிட்டால் அது எங்கே போகும்? ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு இது எங்களைவிட முன்னாலேயே தெரிந்துவிட்டது.

அதோடு அனல்மின் நிலையம் ஆற்றில் விடும் சுடுதண்ணீர். அதோடு காக்கா ஆழி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், காக்கா ஆழி என்பது தென் அமெரிக்கச் சிப்பி. அங்கிருந்து இங்கே வருவது என்றால் கப்பலோடு வந்திருக்க வேண்டும். ஆற்றுத் தரையில் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கிறது. வலை கிழிகிறது, கால் கிழிகிறது.

2017 ஜனவரி 28இல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. அப்போது அதை வாளியால் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது, பக்கிங்காம் கால்வாய் வழியாக எங்கள் ஆற்றுக்கு. கிட்டத்தட்ட ஏழு வருடம் கழித்தும் கையில் அதே வாளிதான். அதைச் சொல்லும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

#4 எர்ணாவூர்வாசி | திங்கள் காலை 8:05

கட்டுமரம் அண்ணா, நீங்கள் முன்னால் இருந்தவர். நான் பின்னால் வந்தவள். அடையாறு சார் கணக்குப்படி உங்களுக்கு நியாயம் உண்டு, எனக்கு இல்லை. ஆனால் என்னை இங்கே கொண்டுவந்து வைத்தவர்களுக்கு அந்தச் சுடர் தெரியாதா? வரைபடத்தில் ஆலை இருந்தது, அது தெரிந்தே பக்கத்தில் எங்களுக்கு வீடு கட்டினார்கள்.

#5 செப்பாக்கம்_வழி | திங்கள் காலை 9:30

நான் பள்ளி ஆசிரியர். செப்பாக்கம் பக்கம் அடிக்கடி போவேன். ஊரை ஒட்டியே சாம்பல் குளம். கோடைக் காற்று அடித்தால் துவைத்த துணி, குடத்துத் தண்ணீர், தட்டில் போட்ட சோறு எல்லாவற்றிலும் சாம்பல். அங்கே இருப்பவர்கள் "எங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்" என்று பல வருடங்களாகக் கேட்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போவதா இருப்பதா என்பதற்கு எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. காட்டுக்குப்பத்துக்காரருக்கு ஆற்றை விட்டால் தொழில் இல்லை, அவர் போக மாட்டார். செப்பாக்கத்துக்காரர் போகத் தயார், ஆனால் நிலமும் வேலையும் கொடுத்து ஊராகச் சேர்த்துக் குடியமர்த்துங்கள் என்கிறார். "பிடிக்காவிட்டால் போ" என்பதும் "போக வழி செய்து கொடு" என்பதும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவதில் செலவு முழுவதும் போகிறவன் தலையில்.

#6 ஷிப்ட்_பி | திங்கள் மதியம் 2:40

நான் இந்த வட்டாரத்தில் ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பதினோரு வருடம். எந்த ஆலை என்று சொல்ல மாட்டேன், கேட் பாஸ் போய்விடும்.

இந்த மாதிரிப் பேச்சு எழும்போதெல்லாம் "ஆலையை மூடு" என்று முடியும். மூடினால் முதலில் வெளியே நிற்பது என்னைப் போன்றவன். நிரந்தர ஊழியரை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். எனக்கு மறுநாளே சம்பளம் இல்லை. என் வீடும் திருவொற்றியூரில்தான், என் பெண்ணுக்கும் வறட்டு இருமல் உண்டு. அதனால் நான் கம்பெனிப் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

உள்ளே இருப்பவனாக ஒன்று சொல்கிறேன். பெரும்பாலான நாற்றம் பெரிய விபத்தால் வருவதில்லை. பழைய கேஸ்கெட் (குழாய் இணைப்பில் கசியாமல் அடைக்கும் வளையம்), இறுக்கம் விட்டுப்போன ஃபிளேஞ்ச் (குழாய்களை இணைக்கும் விளிம்பு), பராமரிப்புக்கு நிறுத்த வேண்டிய யூனிட்டை இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாம் என்ற முடிவு. இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. நாங்கள் எழுதிக் கொடுத்தால் ஃபைலில் தூங்கும். வெளியே இருந்து "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த வாடை" என்று புகார் எண்ணோடு வந்தால் அன்றைக்கே ஸ்பேனர் எடுத்துக்கொண்டு ஓடச் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெறுமனே "நாற்றம் தாங்கவில்லை" என்று போகும் புகாருக்கு ஒன்றும் நடக்காது.

#7 அடையாறு72 | திங்கள் மாலை 6:20

கட்டுமரம், நான் எழுதியதில் பொட்டல் என்ற சொல் தவறு. ஒப்புக்கொள்கிறேன். குப்பங்களைப் பற்றி எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மின்சாரம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், உரம் வேண்டும். ஆலை எங்காவது இருந்துதானே ஆக வேண்டும்?

#8 கட்டுமரம் | திங்கள் மாலை 6:48

இருக்கட்டும் அண்ணே. ஏன் எல்லாமே இங்கேயே? அனல்மின் நிலையங்கள், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, நிலக்கரி இறங்கும் துறைமுகம், சாம்பல் குளம். தெற்கே கொடுங்கையூரில் குப்பைமேடு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக்கத் திட்டம். உங்கள் பக்கத்து முகத்துவாரத்தில் இதில் ஒன்றையாவது வைக்க முடியுமா? வைக்க வேண்டாம், நான் கேட்கவில்லை. அடையாற்று முகத்துவாரத்தில் பறவை வரட்டும். எங்கள் ஆற்றிலும் வரட்டும் என்கிறேன்.

#9 சட்டப்படி | திங்கள் இரவு 9:10

வழக்கறிஞராக இந்தத் துறையில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"ஏன் எல்லாமே இங்கேயே" என்ற கேள்வியை அரசாங்கத்தின் கணக்கே ஒருமுறை கேட்டது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழில் பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது. 70க்கு மேல் போனால் கடுமையாக மாசடைந்த பகுதி. மணலிக்கு 76.32. கடலூருக்கு 77.45. வேலூர் வட்டாரத்துக்கு 81.79. அதன் பேரில் 2010 ஜனவரியில் 43 பகுதிகளில் புதிய திட்டங்களுக்குத் தடை போட்டார்கள். செயல்திட்டம் எழுதிக் கொடுத்த பகுதிகளுக்குத் தடை படிப்படியாக விலக்கப்பட்டது. காற்று தெளிந்ததா என்று பார்த்து விலக்கியிருந்தால் மணலி இன்றும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கும் என்பது என் கருத்து.

நம் சட்டத்தில் "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்" என்பது 1996லிருந்து உறுதியான கொள்கை. அதற்கான முக்கிய வழக்குகளில் ஒன்று நம் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றியது. பாலாற்றங்கரை மக்கள் போட்ட வழக்கு இந்தியா முழுவதற்கும் சட்டமானது. எண்ணூர்ச் சாம்பல் விஷயத்திலும் 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவு போட்டிருக்கிறது. சட்டம் இல்லாமல் இல்லை. ஆதாரத்தோடு கதவைத் தட்டுகிற ஆள்தான் குறைவு, அவரும் பாதியில் களைத்துப்போகிறார்.

அமோனியா இரவை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்கடியில் போகும் குழாயில் கசிவு. ஆலை வாசலருகே காற்றில் அமோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அப்போது சொன்னது. இருக்க வேண்டிய உச்சவரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கவேண்டிய இடத்தில் 49. இந்த எண்கள் இருந்ததால்தான் தீர்ப்பாயத்தில் பேச முடிந்தது. அந்த எண்ணை எடுத்தது அரசு அமைப்பு. உங்களுக்கு ஏற்கெனவே எத்தனை இரவுகள் அப்படி இருந்தன என்பதற்கு எண் எதுவும் இல்லை.

எர்ணாவூர்வாசிக்கு உதவக்கூடியவை: தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும் மனுவுக்குச் சம்பவம் நடந்ததிலிருந்து ஐந்து வருடம் அவகாசம் உண்டு. மேல்முறையீடு அல்லாத மற்ற மனுக்களுக்கு ஆறு மாதம்தான், இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இழப்பீட்டு மனுவுக்குக் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய ஒவ்வொரு ஆலையும் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

#10 ஹூஸ்டன்_தமிழன் | செவ்வாய் காலை 7:25

நான் இங்கே அமெரிக்காவின் ஹூஸ்டனில் வேதிப் பொறியாளர். கப்பல் கால்வாய்ப் பக்கம் வரிசையாகச் சுத்திகரிப்பு ஆலைகள். வேலிக்கு அந்தப் பக்கம் மான்செஸ்டர் போன்ற குடியிருப்புகள், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி மக்கள். அவர்களிடமும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள், "பிடிக்கவில்லை என்றால் போய்விடு."

லூசியானாவில் நார்கோ என்று ஒரு ஊர். அங்கே டைமண்ட் என்ற நான்கு தெரு. ஒரு பக்கம் ஷெல் நிறுவனத்தின் ரசாயன ஆலை, மறுபக்கம் சுத்திகரிப்பு ஆலை. நடுவில் கறுப்பின மக்கள். அவர்கள் முன்னோர் அதே மண்ணில் அடிமைகளாகக் கரும்பு வெட்டியவர்கள், ஆக "யார் முதலில்" என்ற கேள்விக்கு அங்கே பதில் தெளிவு. 1973இல் குழாய் வெடித்து ஒரு மூதாட்டியும் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பையனும் இறந்தார்கள். மார்ஜி ரிச்சர்ட் என்ற ஆசிரியை அந்தத் தெருக்காரர்களைத் திரட்டினார். அவர் கையில் இருந்த ஆயுதம் ஒரு பிளாஸ்டிக் வாளி.

கலிபோர்னியாவில் 1995இல் உருவான முறை அது. வாளிக்குள் ஒரு சிறப்புப் பை, சின்ன உறிஞ்சு பம்பு. நாற்றம் வரும் நேரத்தில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். "எங்களுக்கு எரிகிறது" என்று அழுதவர்கள் கையில் ரசாயனத்தின் பெயரும் அளவும் இருக்கும் காகிதம் வந்தது. 2002இல் ஷெல் நான்கு தெரு வீடுகளையும் விலை கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டது. மக்கள் கேட்டுப் போனார்கள், துரத்தப்பட்டுப் போகவில்லை. ரிச்சர்டுக்கு 2004இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

இன்னொன்று. 2015இல் இங்கே ஒரு விதி வந்தது: ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையும் தன் வேலியைச் சுற்றிக் கருவி வைத்து பென்சீன் என்ற நச்சு ஆவியை அளக்க வேண்டும், அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வருடச் சராசரி 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். புகைபோக்கி உச்சியில் அளப்பதைவிட வேலியோரத்தில் அளப்பது எவ்வளவோ மேல், ஷிப்ட்_பி சொன்ன அந்த ஃபிளேஞ்ச் கசிவு புகைபோக்கி வழியாக வராது. மணலியில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள் அம்மா. அதைப் படித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பாருங்கள், கொடியில் காயும் துணி போதும். காற்றின் போக்குக்குக் குறுக்காக நடந்து வெளியேறுங்கள். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள், அமோனியா தண்ணீரில் கரையும். கண் எரிந்தால் தொடர்ந்து 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். இதை ஆலை உங்களுக்கு ஒத்திகை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

#11 கடலூர்_முதுநகர் | செவ்வாய் காலை 10:15

ஹூஸ்டன் நண்பர் சொன்ன அந்த வாளி எங்கள் ஊருக்கும் வந்தது!

2004. நான் அப்போது கல்லூரி. சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்துக் கிராமங்களில், குடிகாடு, ஈச்சங்காடு பக்கம், ஊர்க்காரர்களே சூழல் கண்காணிப்பாளர்களாக இறங்கினார்கள். மீனவர், விவசாயி, வீட்டில் இருக்கும் பெண்கள். வாளியில் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சு ரசாயனங்கள் இருப்பதாக வந்தது, அதில் எட்டு புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அதுவரை "வாசனைதானே, பழகிவிடும்" என்று சொன்ன அதிகாரிகள் எல்லாம் காகிதத்தைக் கையில் வாங்கிப் படித்தார்கள். பிறகு 2007இல் நாக்பூரில் இருக்கும் நீரி என்ற அரசுச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமே வந்து ஆராய்ந்து, சிப்காட்டைச் சுற்றி வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து இயல்பைவிடக் குறைந்தது 2,000 மடங்கு என்று அறிக்கை கொடுத்தது.

ஆனால் வாளியைவிட எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம். நாற்றக் குறிப்பு என்று எழுதினோம். தேதி, நேரம், எங்கே நின்றபோது, காற்று எந்தத் திசை, வாடை எதைப் போல. அழுகின முட்டை, நெயில் பாலிஷ், பிணவாடை, அழுகின பழம். எங்கள் சித்தி எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுதினான். "இது மருந்துக் கம்பெனி வாடை, இது சாயக் கம்பெனி வாடை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு மாதம் எழுதிய பிறகு, ஞாயிறு இரவும் விடியற்காலையும்தான் அதிகம் வருகிறது என்று பளிச்சென்று தெரிந்தது. வாரியத்து ஆட்கள் வந்து அளந்ததோ செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் சில இரவுகளில் ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் தூங்குகிறோம். ஆனால் இப்போது வாடை வந்தால் யாரை எழுப்ப வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று ஊரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

#12 திருவொற்றியூர்_செவிலி | செவ்வாய் மதியம் 1:30

எர்ணாவூர் தங்கச்சி, பையனைப் பற்றி. ஏழு வயது என்றால் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊத முடியும். மருந்துக் கடையில் கிடைக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழாய். தினமும் காலையும் இரவும் மூன்று தடவை ஊதச் சொல்லி, அதில் பெரிய எண்ணை எழுதி வையுங்கள். அவனுடைய நல்ல நாள் எண் எது என்று தெரிந்துவிட்டால், எண் இறங்கும்போது இளைப்பு வருவதற்கு முன்பே மருந்தைக் கவனிக்கலாம். எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று குழந்தைகள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். சாம்பல் தூசு பெருக்கினால் எழும்பும். இன்ஹேலர் போட்டும் அடங்காவிட்டால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கடலூர்க்காரர் சொன்ன நாற்றக் குறிப்பையும் இந்த எண்ணையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் என்ன என்று தோன்றுகிறது.

#13 சட்டப்படி | செவ்வாய் மதியம் 1:52

அப்படியே செய்யுங்கள். ஒரு வீட்டு நோட்டு என்றால் குறிப்பு. இருபது வீட்டு நோட்டு ஒரே நேரத்தைச் சொன்னால் அது சாட்சி. ஒவ்வொரு தடவையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையப் புகாரிலோ முதல்வர் உதவி எண் 1100லோ பதிவு செய்து, புகார் எண்ணை அதே வரியில் எழுதுங்கள்.

#14 ஷிப்ட்_பி | செவ்வாய் இரவு 11:20

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். இருபது வீட்டில் என் வீடும் ஒன்று. என் மனைவி எழுதுவார், நான் இல்லை.

ராத்திரியும் விடியற்காலையும் தரைக்காற்று மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும், அப்போது மணலிப் பக்க வாடை எர்ணாவூருக்கு வரும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் திரும்பி மணலிக்கே போகும். குளிர்ந்த இரவில் புகை மேலே ஏறாமல் தாழத் தங்கும். திசையைத் தவறாமல் எழுதச் சொல்லுங்கள்.

#15 கட்டுமரம் | புதன் காலை 6:10

நஷ்டஈடு பற்றி ஒன்று. 2023 எண்ணெய்க் கசிவுக்கு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகு பழுதுபார்க்க 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். வாங்கினோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கெடுக்கும்போது படகு இருக்கிறதா என்று கேட்டால் வீட்டுக்காரன் பெயர் வரும். கூடையில் மீன் சுமந்து விற்கிற என் பெரியம்மாவின் பெயர் எந்தத் தாளில் வரும்? அவர்கள் மீனை "எண்ணெய் மீன்" என்று இரண்டு மாதம் யாரும் தொடவில்லை. எங்கள் ஆற்று இறால் என்றால் மேலே ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கியவர்கள் எல்லாம் "எண்ணூரா? வேண்டாம்" என்று போனார்கள். ஆற்றின் பெயர் கெட்டதற்கு எந்த நஷ்டஈடும் இல்லை.

நோட்டுப் புத்தகம் போடுகிறீர்கள் என்றால் அதில் ஆற்றுக்கும் ஒரு பக்கம் வையுங்கள். தண்ணீர் என்ன நிறம், சூடு, செத்த மீன் ஒதுங்கியதா. அதை நான் எழுதுகிறேன்.

#16 அடையாறு72 | புதன் இரவு 8:35

இரண்டு நாளாக இந்த இழையை வீட்டில் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். நேற்று மின்கட்டணம் கட்டும்போது அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று முதல்முறையாக யோசித்தேன். 63 வயதில்.

நான் ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர். ஆலைத் திட்டங்களின் ஆங்கில அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும் என்று தெரியும், அந்த மாதிரி அறிக்கைகளைப் படித்துப் பழக்கம். 2024 டிசம்பரில் எர்ணாவூரில் 660 மெகாவாட் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடந்தது என்று இப்போதுதான் படித்தேன். அந்த அறிக்கையை எடுத்து, காற்று, சாம்பல், தண்ணீர் பற்றிய பகுதிகளை எளிய தமிழில் எழுதித் தரட்டுமா? உபயோகப்படுமா?

#17 சட்டப்படி | புதன் இரவு 9:02

ரொம்பவே உபயோகப்படும் சார். சட்டப்படி சுருக்கத்தைத் தமிழிலும் கொடுக்க வேண்டும், கொடுக்கிறார்கள். ஆனால் பிரச்சினை இருக்கும் அட்டவணைகள் சுருக்கத்தில் வராது. மூன்று விஷயம் முதலில் பாருங்கள். காற்றில் ஏற்கெனவே இருக்கும் மாசின் அளவை எந்த மாதத்தில், எந்த இடத்தில் எடுத்தார்கள். பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் ஆலைகளின் புகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்களா, தனித்தனியாகவா. கந்தக டையாக்சைடு நீக்கும் கருவிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களா. அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டையாக்சைடு வரம்பு 2015 டிசம்பரில் வந்தது, காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கும் கொடுத்துவிட்டார்கள்.

கருத்துக்கேட்பில் பேசியது மட்டும்தான் கணக்கு என்று நினைக்க வேண்டாம். எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபணையும் பதிவில் சேர வேண்டும். கூட்டம் முடியும்போது நடந்ததைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவரை யாரும் எழுந்து போகாதீர்கள்.

#18 செப்பாக்கம்_வழி | வியாழன் காலை 7:00

சார் எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள். செப்பாக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன்.

#19 எர்ணாவூர்வாசி | அடுத்த ஞாயிறு இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. அந்த மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டு வந்தேன். இந்த வாரம் அவர் ஞாபகமே வரவில்லை.

வீட்டை மாற்றுவதா என்று கணவரோடு பேசினோம். தாம்பரத்தில் வாடகை, முன்பணம், அவர் தினமும் துறைமுகத்துக்கு வர ஆகும் செலவு எல்லாம் போட்டுப் பார்த்தோம். இப்போதைக்கு முடியாது. ஒரு நாள் முடிந்தால் போவோமா என்றால், பையனுக்காகப் போவோம். அதற்காக யாரும் எங்களைக் கோழை என்று நினைக்க வேண்டாம். போகிற வரைக்கும் எழுதுவோம். எங்கள் பிளாக்கில் ஆறு வீடு சேர்ந்திருக்கிறது, இருபது ஆகவில்லை. மேல்மாடி அக்கா முதலில் "இதெல்லாம் எதற்கு" என்றார், வெள்ளிக்கிழமை விடியற்காலை அவரே கதவைத் தட்டி "எழுதினியா?" என்றார்.

முதல் வாரத்து நோட்டு இது. கடைசி எண் பையன் ஊதியது.

வியாழன் விடியற்காலை 5:10. கேஸ் வாடை, 20 நிமிடம். கொடித்துணி கிழக்கே பறந்தது, காற்று மேற்கிலிருந்து. புகார் செய்தேன். 160.

வியாழன் இரவு. வாடை இல்லை. 190.

வெள்ளி விடியற்காலை 4:45. அழுகின முட்டை, முக்கால் மணி நேரம். காற்று மேற்கு. ஆறு வீட்டிலும் எழுதியிருக்கிறார்கள். புகார் செய்தோம். 140. இன்ஹேலர் இரண்டு தடவை. பள்ளிக்கு அனுப்பவில்லை.

சனி காலை. லேசான வாடை, ஐந்து நிமிடம். மாடிக் கைப்பிடியில் சாம்பல், விரலால் கோடு போட முடிந்தது. 175.

ஞாயிறு மாலை. கடல்காற்று. வாடை இல்லை. 210. மாடியில் பந்து விளையாடினான், இறங்கி வரச் சொல்லவில்லை.